கதவை அடித்துப் பிறந்தகம் சொல்பவர்

லாரி உதிரிபாகக் கடையில் அவருக்குப் பூர்வீகம் என்றுதான் பெயர். கனரக லாரி ஒன்று வாசலில் வந்து நின்றால் போதும், மனிதர் அதன் பிறந்தகத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"இந்தக் கம்பெனி முதல்ல தண்ணி பம்புதான் செஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஒரு கொட்டகை, ஆறு பேரு." ஏழாவது ஆளாக இவரும் கூட நின்றதுபோல் இருக்கும்.

இப்போது அதே லாரியை மூன்று தேசங்களில் செய்கிறார்கள். வெளியே ஒரே முகம், உள்ளே கிளட்ச் பிளேட் மூன்று தினுசு. எந்தத் தொழிற்சாலை என்பது கேபினுக்குள் ஒரு தகட்டில் பொறித்திருக்கும். அதைப் படிப்பது பூர்வீகத்துக்குக் கௌரவக் குறைச்சல். கதவை அடித்துப் பார்ப்பார். 'தொப்' என்றால் தாய்த் தொழிற்சாலை, 'டம்' என்றால் துறைமுகம் வழியாக வந்தது, 'டங்ண்' என்றால் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை.

கடை அவருடைய அக்காவுக்குச் சொந்தம். போன மாதம் இவர் சத்தத்தை நம்பிக் கொடுத்த இரண்டு பிளேட் பொருந்தாமல் திரும்பி வந்தன.

"இன்னொண்ணு வந்துச்சுன்னா கவுண்டரை நான் பாத்துக்கறேன். நீ கிடங்குல உக்காந்து அட்டைப்பெட்டிக்குக் கதை சொல்லு" என்றாள் அக்கா.

பேச ஆளில்லாத கிடங்கு. அவர் கவுண்டர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாளே கிளட்ச் பிளேட் கேட்டு ஒரு டிரைவர் வந்தார். அவர் லாரியில் தகட்டின் மேல் பெயிண்ட் அப்பிக் கிடந்தது. சுரண்டினால் தெரிந்துவிடும். ஆனால் இரண்டு கிளீனர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்களே. பூர்வீகம் கண்ணை மூடிக்கொண்டு கதவை அடித்தார்.

"தொப். அம்மா வீட்டுச் சரக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே, நாளைக்கு லோடு இருக்கு."

"என் காது பொய் சொல்லாது தம்பி."

மதியம் பிளேட் திரும்பி வந்தது. டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"கதவு தொப்புன்னுதானே கேட்டுச்சு?" என்றார் பூர்வீகம்.

"அந்தக் கதவு வேற லாரியிலேருந்து கழட்டி மாட்டுனதுண்ணே. பழசு மோதி நசுங்கிப்போச்சு. நீங்க குடுத்த பிளேட்டு கதவுக்கு வேணா பொருந்தும்."

அக்கா தம்பி கையில் ஒரு சுரண்டியைக் கொடுத்தாள். தகடு தெரிந்தது: எல்லைக்கு அந்தப் பக்கம். சரியான பிளேட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஸ்டூலில் அக்கா.

"அக்கா, இன்னிக்கு மட்டும்..."

"கிடங்கு அந்தப் பக்கம்டா."

சாயங்காலம் கிடங்கில் ஒரே சிரிப்புச் சத்தம். அக்கா எட்டிப் பார்த்தாள். சரக்கு இறக்க வந்த நாலு பேரும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தம்பி. ஒரு பெட்டிகூட இறங்கவில்லை.

"எந்திரிச்சு கவுண்டருக்கே வா. இங்க நீ நாலு பேரு வேலையைக் கெடுக்கறே. ஆனா ஒண்ணு, தகட்டைப் படிச்சு எழுதி என்கிட்ட காட்டிட்டுத்தான் வாயைத் திறக்கணும்."

"சரிக்கா" என்று சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார் பூர்வீகம். நாலு பேரையும் பார்த்து, "மிச்சத்தை அங்க வந்து கேளுங்க" என்றார்.