கோட்டைச் சுவரோரம் ஓர் ஆட்டுப்பட்டி

காலை ஆறரை மணிக்குச் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஆட்டோ பிடித்தேன். புளியங்குடிச் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர், பிறகு மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்துவிட எழுநூறு ரூபாய். ஊரின் பெயரை மட்டும் நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

"கோட்டையா? அங்கன என்னத்தப் பாக்கப் போறீய சார்? வெறும் மண்ணுல்லா கெடக்கு" என்றார் ஓட்டுநர் முருகையா.

அந்த மண்ணைப் பார்க்கத்தான் திருச்சியிலிருந்து வந்திருந்தேன். அங்கே எனக்கு ஒரு மருந்துக் கடை இருக்கிறது. வருடத்தில் நாலைந்து நாள் அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இடிந்த கோட்டைகளைத் தேடிப்போய்ப் பிலிம் கேமராவில் எடுப்பேன். ஒரு ரோல் எண்ணூறு ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை, அதில் முப்பத்தாறு படம்தான். அதனால் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும் முன்னும் இரண்டு தரம் யோசிப்பேன். வெளிச்சம் போதுமா, பிலிம் உள்ளே சுற்றுகிறதா என்று, கழுவி வரும்வரை தூக்கம் கெடும். ரத்தக்கொதிப்பு மாத்திரை விற்கிறவருக்கு இந்தப் பொழுதுபோக்கு தேவையா என்று என் மனைவி கேட்பாள்.

இந்த முறை கவலை கூடுதல். போன தடவை எடுத்தவற்றைப் பார்த்த என் ஸ்டுடியோ நண்பர், "என்னய்யா, எல்லாம் கரையான் புத்து மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டார். கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரிதான். சுவரை நட்டநடுவில் வைத்து, சுற்றிலும் ஒன்றுமில்லாமல் எடுத்திருந்தேன். அது மூன்றடிச் சுவரா முப்பதடிச் சுவரா என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை. "பக்கத்துல மரமோ மனுஷனோ இருக்கணும். கண்ணு அளந்து பாக்க ஒண்ணு வேணும்" என்றார். முந்தின நாள் சிவகிரிப் பக்கம் அதையே மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு இருபது படம் எடுத்திருந்தேன். அதே ரோல்தான் கேமராவில் இருந்தது.

ஏழு மணி தாண்டிக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். இருபதடி உயரக் கொத்தளம் ஒன்று, அதிலிருந்து கிழக்கே ஓடும் சுவர், அவ்வளவுதான் மிச்சம். மழை அரித்த இடங்களில் மண்ணோடு சேர்த்துப் பிசைந்த வைக்கோல் துணுக்குகள் தெரிந்தன. மேற்கே மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் எப்போது வேண்டுமானாலும் மறையலாம். நேரெதிரில் நின்று மூன்று படம் எடுத்தேன். மூன்றும் கரையான் புற்றுதான், கழுவிப் பார்க்காமலே தெரிந்தது.

பிறகு இடப்பக்கம் நடந்தேன். சுவர் மடங்கும் மூலையில் உடைமுள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்து, உள்ளே ஆறேழு ஆட்டுக்குட்டிகளும் ஒரு சினையாடும் நின்றன. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கீழ்மூலையில் முள்வேலி, அங்கிருந்து சாய்வாக ஏறும் சுவர், ஓரத்தில் கொத்தளம், பின்னால் மேகம். ஒரு குட்டி முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி நின்றது. கோட்டை எவ்வளவு பெரியது என்று அந்தக் குட்டி சொல்லிவிட்டது. பட்டனை அழுத்தினேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரு அது? எதுக்குப் படம் எடுக்குதீய?"

தலையில் ஆடுகளுக்கு ஒடித்த குழைக்கட்டோடு ஒரு பெண் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டிகள் அவர் குரலுக்குக் கத்தத் தொடங்கின.

"சும்மாதான்க்கா. எனக்காக."

"சும்மா எடுக்க இம்புட்டுத் தூரம் யாரு வருவா? எந்த ஆபீசு?"

முருகையா ஓடிவந்து எனக்காகப் பேசினார். அவருக்குத் தெரிந்தவர்தான், பெயர் பேச்சியம்மாள். குழையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தே சொன்னார்: "போன வருசம் ஒருத்தரு இப்படித்தான் சும்மான்னு எடுத்துட்டுப் போனாரு. கோட்டைக்குள்ள ஆட்டை அடைக்காவன்னு பேப்பர்ல வந்துட்டு. ஆபீசுக்காரவ வந்து வடக்க கெடந்த பட்டியைப் பிரிச்சு எறிஞ்சிட்டாவ. அன்னைக்கு ராத்திரி வெட்டவெளியில நாலு குட்டியை நாய் கடிச்சுப்போட்டுட்டு. அந்தப் படத்தை அழிச்சிருங்க சார்."

போனில் எடுத்திருந்தால் அவர் கண் முன்னாலேயே அழித்திருப்பேன். பிலிமில் ஒன்றை மட்டும் அழிக்க முடியாது, மொத்தமும் போகும் என்று விளக்கினேன்.

"அப்ப மொத்தத்தையும் அழிங்க."

அவர் கெஞ்சவுமில்லை, அதட்டவுமில்லை. பையில் பிரிக்காத ரோல் ஒன்று இருந்தது. திரும்பி நின்று மாற்றிவிட்டு, அந்தப் புது ரோலை இழுத்துக் காட்டினால் இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தது உண்மை. ஆனால் சினையாடு வேலியோரம் வந்து அவர் புடவையை முகர்ந்துகொண்டிருந்தது. கேமராவின் முதுகைத் திறந்து, பிலிமை முழுதாக உருவி வெயிலில் போட்டேன். சிவகிரியும் போயிற்று, சுவரில் கால் ஊன்றிய குட்டியும் போயிற்று.

பேச்சியம்மாள் பிலிமை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எங்க சார் படம்?"

"வெளிச்சம் பட்டு அழிஞ்சுபோச்சுக்கா."

"எங்க கல்யாணப் பிலிமு வீட்டுல கெடக்கு. தூக்கிப் பிடிச்சா ஆளுக கறுப்பாத் தெரியும். இதுல ஒண்ணுமே இல்லியே."

கழுவினால்தான் தெரியும், கழுவாத பிலிமில் முன்பும் ஒன்றும் தெரியாது, இப்போதும் தெரியாது என்றேன். சொல்லும்போதே அது புளுகு மாதிரி என் காதிலேயே விழுந்தது. அவர் கண் திறந்திருந்த என் பைக்குள் போனது.

"அந்த ரோலுலதான் எடுத்தீயளா?"

புது ரோலையும் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கிடுங்க. இன்னும் எத்தனை வச்சிருக்கீயளோ."

"நல்ல மனுசன்தான் தாயி" என்றார் முருகையா.

"போன வருசம் வந்தவரும் நல்லாத்தான் பேசுனாரு."

எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். என் கடை வாசலில் ஒரு கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அது எடுக்கிறது. என்ன மாத்திரைக்கு வந்தார் என்பது வரை அதில் பதியும். அழிக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. பேச்சியம்மாளுக்குத் தோன்றியது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே ஒருமுறை பட்டிருந்தார்.

மண்பாதை வளைவில் திரும்பிப் பார்த்தேன். அவர் முள்வேலியைப் பிடுங்கி ஒவ்வொன்றாகச் சுவரை விட்டுத் தள்ளி எறிந்துகொண்டிருந்தார். குட்டிகளை ஒரே கயிற்றில் கட்டியிருந்தார். யாரும் வந்து பிரிப்பதற்கு முன்னால் தானே பிரிக்கிறார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. நிறுத்துங்க" என்றேன்.

முருகையா நிறுத்திவிட்டுத் திரும்பினார். "போய் என்ன சார் சொல்லுவீய?"

"குட்டிகளை எங்க கொண்டுபோவாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கனயாவது அடைப்பாவ. இன்னைக்கு மழை வேற."

அவர் வண்டியை மெல்ல நகர்த்தினார். நான் மறுபடி நிறுத்தச் சொல்லவில்லை.