மிக்சர் மேல ஒரு சீவாளி

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். எட்டாப்புல நின்னவன் எழுதி யாரு படிக்கப் போறாக? ஆனா என் மிக்சர் மேல ஒரு சீவாளி கெடக்கு. மிக்சருன்னா திங்கிறது இல்ல, மைக்செட்டுல சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற பெட்டி. சீவாளிங்கிறது நாயனத்து நுனியில சொருகி ஊதுற நாணல் துண்டு. அது அங்கன கெடக்குறவரைக்கும் எனக்கு வேல ஓட மாட்டேங்குது.

அது எங்க நாயனக்கார மாமாவோடது. சின்னமனூர்ல எங்க தெருதான். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, கச்சேரி நின்னு மூணு வருசமாச்சு. "மாமா, காத்து எந்தப் பக்கம் கசியுது, பஞ்சர் ஒட்டவா?"ன்னு கேப்பேன். "மொதல்ல ஒன் வாய ஒட்டுறா"ம்பாக.

தேனியில ஒரு டான்ஸ் டீச்சர் மாமா வாழ்க்கையவே நாட்டிய நாடகமாப் போட்டாக. கல்யாண மண்டபத்துல. நாந்தான் மைக்செட்டு, தவுலுக்கு என் சேக்காளி. ஒரு பொண்ணு வேட்டி கட்டி மீச வரஞ்சு மாமாவா ஆடுச்சு. "மீச ஒங்களவிட அதுக்குத்தான் எடுப்பா இருக்கு மாமா"ன்னேன். பாட்டெல்லாம் மாமா நல்லா இருந்தப்பக் கோயில்ல ஊதுன பழைய ரெக்கார்டு.

ஒத்திகையப்ப மாமா என்னையத் தனியாக் கூப்பிட்டாக. "மாப்ள, கடைசிப் பாட்டுக்கு நானே மேடையேறி ஊதுறேன். ரெக்கார்ட நிறுத்திப்புடு. ஒரு மாசமா வீட்ல ஊதிப் பாத்துட்டேன், வருது"ன்னாக. அவுக போனதும் டீச்சர் வந்தாக. "தம்பி, எங்கிட்டயும் சொன்னாக, ஊதட்டும். ஆனா ரெக்கார்டு சத்தமில்லாம ஓடிக்கிட்டே இருக்கட்டும். அவுகளுக்கு முடியலைன்னா ஏத்திரு, பிள்ளைக தாளத்த விட்ரும்"னாக. ரெண்டு பேருக்கும் சரின்னு தலையாட்டுனேன்.

நாடகத்தன்னைக்குக் கடைசிப் பாட்டுக்கு மாமா மேடையேறி, சீவாளிய நாக்குல நனச்சுச் சொருகி ஊதுனாக. மொதச் சுரம் வந்துச்சு. அடுத்தது வரல. காத்து வாயோரமாப் போயி, மைக்குல புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது. ஆடுற பிள்ளைக ஒண்ண ஒண்ணு பாக்குதுக. முன்வரிசையில ரெண்டு பேரு சிரிச்சாய்ங்க. என் வெரலு ரெக்கார்டு குமிழ் மேல இருக்கு. ஏத்துனா மாமாவுக்குக் குடுத்த வாக்கு போச்சு. ஏத்தலைன்னா இங்கனயே, இத்தன பேரு முன்னாடி, அவுக மானம் போச்சு. ஏத்திட்டேன்.

மண்டபம் பூரா மாமா நாயனம். மாமா சீவாளிய வாயிலருந்து எடுத்துட்டாக, சத்தம் அது பாட்டுக்கு ஓடுது. என்னையப் பாத்தாக. நாலு வார்த்த வஞ்சிருந்தாக்கூடத் தேவலாம். அப்பறம் மறுபடி வாயில வச்சு, கன்னத்த உப்பிக்கிட்டு, பாட்டு முடியிறவரைக்கும் நின்னாக. அந்தப் பொண்ணு மாமா மாதிரி ஆடுச்சு. மாமாவும் மாமா மாதிரிதான் ஆடுனாக. கைதட்டு அடங்க நேரமாச்சு.

எறங்கி வந்து சீவாளியக் கழட்டி என் மிக்சர் மேல வச்சுட்டுப் போயிட்டாக. இப்பவும் டீக்கடையில பாக்குறேன். பஞ்சருன்னு தொண்ட வரைக்கும் வருது, அங்கனயே நின்னுருது. சீவாளியக் கொண்டுபோயிக் குடுக்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. தொடச்சு தொடச்சு அதே எடத்துல வைக்கிறேன்.

நேத்து என் சேக்காளிகிட்ட, "ஏலே, மாமா பக்கத்துலதான இருந்த, நான் பண்ணது தப்பாடா?"ன்னு கேட்டேன்.

"அது தெரியாதுடா, ஆனா கடைசி வரைக்கும் நாயனத்துல அவுக வெரலு ஒரு சுரத்துக்குக்கூடத் தப்பல"ன்னான்.