வெள்ளிப் பெயின்ற் பூசிய அன்டெனா

நேற்று லிங்கநகர் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு அடிக்கவென்று வெள்ளிப் பெயின்ற் டின்னைத் திறந்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். "என்ன, தலை சுத்துதோ?" என்று மனைவி கேட்டாள். தலை சுற்றவில்லை. துறைமுகப் பக்கம் நான் சின்ன வயதில் வேலை பழகிய றிஸ்வான் நானாவின் கடைக்கு மனம் போய்விட்டது, அவ்வளவுதான்.

படகு றேடியோ திருத்தும் கடை அது. நானா கிண்ணியாவிலிருந்து வருவார்; எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருவார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அப்போது இருந்த ஒரே தகுதி பயம். கடையைப் பூட்டிய பிறகும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். "பூட்டு கழண்டு கையில வரப்போகுதுடா" என்பார் நானா.

கடையின் பெருமை ஒரு நெற்வேர்க் அனலைசர். பெயர்தான் பெரிது; ஆள் சோற்றுப் பெட்டி அளவு. அன்டெனாவின் வயரைப் பூட்டினால் திரையில் ஒரு கோடு ஓடி, ஓரிடத்தில் குழியாக விழும். குழி எந்த அலைவரிசையில் விழுகிறதோ, அங்கேதான் அந்த அன்டெனா நன்றாகப் பேசும். கோட்டின் மேல் மார்க்கர் என்று ஒரு சின்ன முக்கோணம். பொத்தானை அமர்த்தினால் அதுவாகவே ஓடிப்போய் ஆழமான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் காலை ஈச்சிலம்பற்றுப் புவனேஸ் அக்கா வந்தார். கணவர் சிவம் அண்ணனின் படகு அன்று மதியம் கடலுக்குப் போகிறது.

"போன தரம் போனவரிட்ட இருந்து ஒரு சத்தமும் இல்லை. மீனவர் சங்கத்து றேடியோவுக்கு முன்னால குந்தியிருந்து எனக்கு உயிரே போயிட்டுது தம்பி."

நானாவும் நானும் படகில் ஏறினோம். போன பயணத்துக்கு முன்தான் பெயின்ற் அடித்த படகு, பளபளத்தது. நானா பொத்தானை அமர்த்தினார். முக்கோணம் குழிக்குள் இறங்கியது. நல்ல ஆழம்.

"அன்டெனா தங்கம். றேடியோவைத்தான் பாக்கணும்."

"அப்ப ஐஸ் ஏத்தட்டோ?" என்றார் சிவம் அண்ணன், கடலுக்குப் புறப்படும் அவசரத்தில்.

எனக்கு மனம் ஆறவில்லை. "நானா, ஒருக்கா பதினாறைப் பாப்பமே?" பதினாறு, ஆபத்தென்றால் கூப்பிடுகிற சனல்.

"ஆழம் காணாதோ உனக்கு? கிணறா வெட்டுறாய்?" என்றபடியே நானா மார்க்கரை அந்த அலைவரிசைக்கு நகர்த்தினார். முக்கோணம் குழியை விட்டு வெளியே வந்து மேட்டில் ஏறி நின்றது. நானாவின் சிரிப்பும் நின்றது. குழி ஆழம்தான், ஆனால் எந்தப் படகும் பேசாத இடத்தில் விழுந்திருந்தது.

நானா அண்ணாந்து பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய அன்டெனாக் கம்பு வெள்ளியாக மின்னியது.

"இதுக்கு ஆர் பெயின்ற் அடிச்சது?"

"நான்தான். மிச்சம் கிடந்துது. வடிவா இருக்குமெண்டு..." சிவம் அண்ணன் இழுத்தார்.

"அதுக்குள்ள அலுமினியத் தூள் கிடக்கு மனிசா! தகரச் சட்டை போட்டு விட்டிருக்கிறீங்க."

"எனக்கு வடிவா ஒரு சீலை எடுத்துத் தந்ததில்லை. கம்புக்கு வெள்ளி பூசியிருக்கிறார்" என்றார் அக்கா.

தின்னரும் துணியும் எடுத்து மாறி மாறித் தேய்த்தோம். பெயின்ற் போகப் போகக் குழி பதினாறை நோக்கி ஊர்ந்து வந்தது. கடைசியில் முக்கோணம் பதினாறிலேயே நிற்க, கோடு அதையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியது.

"வந்திட்டுதோ?"

"ஓம் அக்கா."

அன்று பொழுதுபடும் நேரம் சங்கத்து றேடியோவுக்கு முன்னால் உட்காருகிற நீள வாங்கில் அக்காவோடு நானும் இருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எழுந்துபோகக் கால் வரவில்லை. அக்காவைப் போலக் காத்திருக்கும் இன்னும் சில பெண்கள். றேடியோ இரைந்துகொண்டே இருந்தது. திடீரென்று ஒரு குரல்.

"புவனேஸ், கேக்குதோ? மாத்திக் கட்ட என்ர சாரத்தை எங்க வச்சனீ?"

அக்கா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "கண்ணைத் திறந்து தேடுங்கோ!" என்று கத்திவிட்டு அழத் தொடங்கினார்.

நானா பின்னாளில் கடையைக் கிண்ணியாவுக்கே மாற்றிவிட்டார். இப்போது எந்தப் படகு எங்கே நிற்கிறதென்று சங்கத்துத் திரையிலேயே தெரிகிறது. அண்மையில் அந்தப் பக்கம் போனபோது வாங்கைக் காணவில்லை. இப்போது யாரும் வந்து காத்திருப்பதில்லை என்று எடுத்துவிட்டார்களாம். இல்லாமல்போன எதற்கும் மனம் சோர்ந்துவிடுகிறவன் நான். அந்த வெற்றிடத்தைப் பார்த்து மட்டும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.