எங்கள் ஒழுங்கையில் முதலில் போட்டுப் பார்த்தது

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். என் கணவர் ஒவ்வொரு முறையும் தடுத்தார். "சும்மா இரும். சம்பந்தி பகுதி உமக்குக் கொஞ்சம் பயந்திருக்கிறது நல்லதுதானே," என்பார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், எழுதினால் ஆட்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சமும் இருந்தது. ஆனால் கனடாவில் என்னைப் பற்றி ஓடுகிற கதை வரவர வளர்கிறது. இனியும் பொறுத்தால் பிள்ளையாருக்கே அடுக்காது.

எங்கள் வீடு கொக்குவிலில், சின்னச் சந்து மாதிரியான ஓர் ஒழுங்கையில். அப்போது மகளுக்குப் பக்கத்து ஊரான திருநெல்வேலியில் ஒரு சின்ன இணையக் கம்பனியில் வேலை. அவளுடைய வேலை எனக்கு விளங்கின விதத்தில் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியை மறித்து நிற்பவர்களுக்கு எதை உள்ளே விடுவது, எதைத் திருப்புவது என்று சொல்லி வைத்திருப்பார்கள். இணையத்தில் வெளியிலிருந்து வரும் பாதைகளுக்கும் அப்படி ஒரு மறிப்பு உண்டாம். மகள் அதைப் பில்டர் என்பாள். அதை எழுதும்போது பிழைத்தால், சுவாமிக்குப் பூ ஏற்றி வரும் வான் வண்டியையும் திருப்பி விட்டுவிடும். ஊர் முழுக்க இணையம் நின்றுபோகும்.

ஆகவே அவள் கையால் ஒன்றையும் மாற்றுவதில்லை. அதற்கென்று கணினிக்குள் ஒரு கருவி இருந்தது. முதலில் அவள் வேலை செய்யும் கந்தோரில் உள்ள ஒத்திகைப் பெட்டியில் போட்டுப் பார்க்கும். பிறகு ஒரே ஒரு சின்ன இடத்தில் போடும். சரி வந்தால்தான் மற்ற இடங்கள். கொஞ்ச நேரத்துக்குள் சரி வராவிட்டால் தானாகவே பழையபடி மாற்றிவிடும்.

"அந்தச் சின்ன இடம் எது பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கடை ஒழுங்கைதான். பிழைச்சா ஊரான் வீட்டிலையோ பிழைக்கிறது? முதல் எங்கடை வீட்டிலை பிழைக்கட்டும்."

நல்ல வளர்ப்பு என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் கனடாச் சம்பந்தம் வந்தது. பெடியன் நல்லவன், சாதகம் பொருந்தியது. அவனுடைய தாயும் நாங்களும் போன் திரையில் முகம் பார்த்துக் கதைப்பதற்குப் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்தேன். காலையில் ஒன்று அருமையாக அமைந்தது, அங்கே இரவு.

மகள் தலையில் கை வைத்தாள். "அம்மா, அந்த நேரம் எனக்குப் பில்டர் மாத்திற வேலை இருக்கு."

"நடுச்சாமத்திலைதானே பிள்ளை அதைச் செய்யிறனீங்கள்?"

"முதலாளி விடுறாரில்லை. நடுச்சாமத்திலை நல்ல காரியம் தொடங்கக் கூடாதாம். பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறிச்சுத் தந்திருக்கிறார்."

அவரும் என்னைப் போல் ஒரு பக்தர். அவருடைய வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே பஞ்சாங்கம். நாள் முழுக்கத் தேடினாலும் நல்ல நேரம் ஒன்றுதான்!

"அது தானா நடக்கும், நீங்கள் பயப்பிடாதேங்கோ," என்றாள். அன்று காலை சீலை உடுத்து, அறைக்குள் கணினியில் கருவியைத் தொடக்கிவிட்டு, பூ வாடாமல் எங்களோடு வந்து இருந்தாள். நான் ஏற்கெனவே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டேன்.

பெடியனின் தாய் நல்ல மனிசி. சுகம் விசாரித்தா, கோயிலைப் பற்றிக் கேட்டா, மழையைப் பற்றிக் கேட்டா. பிறகு மெல்ல, "பிள்ளை கலியாணத்துக்குப் பிறகு வேலையை விடுவாதானே அக்கா? எங்கடை வீட்டிலை பெம்பிளையள் வேலைக்குப் போறேல்லை," என்றா.

எனக்குத் தெரியும், மகளுக்கு அந்த வேலை உயிர். ஆனாலும் நல்ல இடம் கைவிட்டுப் போய்விடுமே. "ஓம், விடுவா" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்த மணம் மூக்கில் அடித்தது. கண்ணை உருட்டிக் குசினிப் பக்கம் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தால் சம்பந்தி திறந்த வாயோடு அப்படியே இருக்கிறா. நானும் மரியாதையாகச் சிரித்தபடி இருந்தேன். எவ்வளவு நேரந்தான் சிரிப்பது?

"மனிசி நல்லா யோசிக்கிறா போலை," என்றார் இவர்.

"யோசிக்கேல்லை அப்பா, லைன் போயிட்டுது!" மகள் சீலையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். ஒத்திகையில் சரியாக வந்த பில்டர், எங்கள் ஒழுங்கைக்கு வரவேண்டிய பாதையையும் சேர்த்து மறித்துவிட்டதாம்.

"கெதியா ஏதும் செய் பிள்ளை!"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. தானா பழையபடி வரும். அதுவரை நீங்கள் பிள்ளையாரைக் கும்பிடுங்கோ." பிறகு கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. "அம்மா, லைன் வந்த உடனை என்ன சொல்லப் போறியள்?"

நான் பால் அடுப்பை அணைக்கப் போனேன்.

"நான் வேலையை விடமாட்டன். உங்களாலை சொல்லேலாட்டி நான் சொல்லுறன்."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் சாமியறைக்குள் போய், "அப்பனே, எனக்கு வாய் வராது, நீயே கதை," என்று கும்பிட்டேன். வெளியே வந்து, "சரி, நானே சொல்லுறன்," என்று அவளைப் பக்கத்தில் இருத்தினேன்.

கருவி சொன்ன சொல் தவறவில்லை, பழைய பில்டரைத் திருப்பிப் போட்டது. படம் வந்தது. நான் வாய் திறக்க முன்பே சம்பந்தி முந்திக்கொண்டா.

"அக்கா, கோவிச்சுப் போடாதேங்கோ! சும்மா கேட்டனான். பிள்ளை தாராளமா வேலைக்குப் போகட்டும். இஞ்சை உந்த வேலைக்கு நல்ல மதிப்பு."

பின்னால் பெடியன் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றான். பிறகுதான் தெரிந்தது: அவர்களுடைய திரையில் அவ்வளவு நேரமும் நின்றது, நான் கண்ணை உருட்டிய முகம். தன் கேள்விக்கு அதுதான் என் மறுமொழி என்று சம்பந்தி நினைத்துவிட்டா.

மகள் பில்டரைத் திருத்தி, பின்னேரம் மறுபடி எங்கள் ஒழுங்கையில் போட்டுப் பார்த்து, பிறகு உடுவில், திருநெல்வேலி என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கலியாணம் நடந்தது. இப்போது கனடாவிலும் அதே வேலைதான் செய்கிறாள்.

சம்பந்தியிடம் உண்மையைப் பலமுறை சொன்னேன். "லைன் போனதோ? சும்மா சொல்லாதேங்கோ அக்கா, உங்கடை பார்வையை நான் மறப்பனோ?" என்று சிரிக்கிறா. அங்கே ஒருவர் நான் போனை எறிந்தேன் என்கிறாராம். இன்னொருவர் நான் தேங்காய் துருவும் திருவலையோடு எழும்பினேன் என்கிறாராம். எங்கள் வீட்டுத் திருவலையைத் தூக்கவே எனக்கு ஏலாது.

ஆகவே வாசிக்கிறவர்களை வணங்கிக் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். கனடாவில் ஆட்கள் இருந்தால் அவர்களுக்கு முதல் சொல்லுங்கள். எனக்குக் கோபம் வந்தது என்று மட்டும் ஒருவரும் சேர்க்க வேண்டாம். பிள்ளையாரறிய, எனக்குக் கோபம் வரவில்லை.