செல்லபாயின் வலது தோள்

குழித்துறைக்குப் பக்கத்தில் ஞானதாசனுக்கு ஒரு ரப்பர் தோட்டமும் அதன் நடுவே ஒரு டெரஸ் வீடும் உண்டு. உண்டு என்பது பத்திரத்தை வைத்துச் சொல்வது. மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பராக ஏசி அறையில் அவர் இருந்த இருபத்திரண்டு வருஷமும் தோட்டத்தைப் பார்த்தது மனைவி செல்லபாய்தான். மரத்தில் பால் வெட்ட ஆள் வரும். பாலைச் சுமந்து வந்து உறைய வைப்பதும், மறுநாள் காலையில் அதைக் கை மிஷினில் கொடுத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஷீட்டாக்கிக் காயப்போடுவதும் அவள் வேலை. சுற்றிய சுற்றில் வலது தோள் போயிற்று. கையைத் தூக்கிக் கொண்டை போடக்கூட முடியவில்லை.

மனைவியின் வலியை ஞானதாசன் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு லீவுக்கும் கோடாலித் தைலம் கொண்டுவந்தார். அதைத் தேய்த்துக்கொண்டே அவள் மிஷினைச் சுற்றினாள்.

2011-இல் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். கல்ஃபிலிருந்து திரும்பியவர்கள் வழக்கமாக ஒரு கடையைப் போட்டு, இரண்டு வருஷத்தில் இழுத்து மூடுவார்கள். ஞானதாசன் அவர்களைவிடப் புத்திசாலி. மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் சனிக்கிழமை தோறும் அக்குபஞ்சர் வகுப்பு நடந்தது. அங்கே போய்ப் படித்து சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டார். கல்யாண போட்டோ தொங்கிய ஆணியில் இப்போது அது தொங்கியது. டாக்டர் தயார், ஊசி தயார். நோயாளிதான் யாரும் வரவில்லை. அப்போதுதான் வீட்டிலேயே ஒரு தோள் சும்மா கிடக்கிறது என்று அவருக்கு நினைவு வந்தது.

ஒரு காலையில் அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார். கண்ணை மூடி நாடி பார்த்தார். தோளில் சில ஊசி, புறங்கையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. தோள் வலிக்குக் காலில் எதற்கு என்று அவள் கேட்டாள். அது பாதை, உனக்குப் புரியாது என்றார். பிறகு படித்த படிப்பின் முதல் கட்டளையை இட்டார்.

“அரை மணிக்கூறு அனங்காம கிடக்கணும், கேட்டியா?”

அசையாமல் கிடந்தாள். ஆனால் அடுப்பில் வைத்த பாலுக்கு அந்தக் கட்டளை தெரியாதே. அது பொங்கியது. எழப் போனவளை அதட்டிவிட்டு டாக்டர் அடுப்புக்கு ஓடினார். அதை இறக்கி வைப்பதற்குள், ஷெட்டில் உறைந்து கிடக்கிற ரப்பர் பால் நேரம் போனால் கல்லாகிவிடும் என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. வேறு ஆள் இல்லை. ஞானதாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிஷினைச் சுற்றப் போனார்.

ஷெட்டிலிருந்து மிஷின் முனகுவது கேட்டது. நின்றது, மறுபடி முனகியது. அதைக் கேட்டுக்கொண்டே செல்லபாய் தூங்கிப் போனாள். கல்யாணமான பிறகு பகலில் அவள் கண்ணயர்ந்தது அன்றுதான். எழுந்தபோது என்னவோ தப்பு செய்துவிட்டது போல வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சுகமாக இருந்தது.

வைத்தியம் தினமும் நடந்தது. சிகிச்சை முடியும்வரை கைக்கு வேலையே கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்ததால் தேங்காய் திருவுவதும் டாக்டர் பொறுப்பானது. சில வாரத்தில் வலி விட்டது. ஊசியும் தன் பங்குக்கு வேலை செய்திருக்கும், அதைக் குறை சொல்ல வேண்டாம். அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்துச் செல்லபாய் கண்ணாடி முன் நின்று கொண்டை போட்டுப் பார்த்தாள். கை நன்றாக மேலே போனது. அவர் வந்து கேட்டபோது மட்டும் காதளவில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் உண்டு என்றாள். சுகமாகிவிட்டது என்று சொன்னால் மறுநாளே மிஷின் கைப்பிடி தன் கைக்குத் திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியும். டாக்டர் யோசித்து, ஊசியில் ஒன்றைக் கூட்டினார்.

அதற்குள் முன் அறையில் கிளினிக் தொடங்க நாள் குறித்தாயிற்று. போர்டு எழுதியாயிற்று, போதகர் வந்து ஜெபிக்க ஒத்துக்கொண்டார். முந்தின நாள் மத்தியானம் ஞானதாசன் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கு எல்லாருக்கும் முன்ன கைய மேல பொக்குவியா, செல்லபாய்? ஒரு ஆளையாவது சொகமாக்கினேன்னு எனக்குச் சொல்லணும்லா.”

அவர் அவளிடம் கெஞ்சிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. தன் அரை மணி நேரத்தை நினைத்து அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சபைக்காரர்கள் முன் அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். செல்லபாய் கையைத் தூக்கினாள், நேராக, காதைத் தாண்டி. ஸ்தோத்திரம் என்றார்கள். எல்லாரும் கரங்களை உயர்த்தி டாக்டரை ஆசீர்வதிப்போம் என்றார் போதகர். எல்லாக் கைகளும் உயர்ந்தன. டாக்டரின் வலது கை மட்டும் நெஞ்சுக்கு மேலே வரவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வியர்த்து நின்றார். அந்த வலி எந்த இடத்தில் பிடிக்கும் என்று செல்லபாய்க்குக் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை.

அண்ணனுக்குக் கையில் என்ன என்று பக்கத்து வீட்டுப் பூங்கனி கேட்டாள். செல்லபாய் குரலைத் தாழ்த்தவில்லை.

“ஒண்ணுமில்ல மக்கா. அது எனக்க வேதனதான். மிஷினுக்க கைப்பிடியில இருக்கு. இப்ப அவிய சுத்துகாவ, அவியளுக்கு வந்திருக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். போதகர் ஆமென் சொல்லி முடித்து வைத்தார்.

அடுத்த வாரமே ஷீட் மிஷினுக்கு மோட்டார் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்து வலிக்குக் கோடாலித் தைலம், ஒரு மாதத்து வலிக்கு மோட்டார். அது சுற்றுவதைப் பார்த்தபோது செல்லபாய்க்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு நல்ல கோபம் வந்தது. அன்று ஷெட் பக்கமே அவள் மறுபடி போகவில்லை.

மனைவியின் தோளை ஊசியால் சுகப்படுத்திய கதையை ஞானதாசன் இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறார். அவள் மறுப்பதில்லை. காலையில் அதே நேரத்துக்குக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வாள். தோள்தான் சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு என்று ஒருநாள் அவர் ஊசி டப்பாவோடு வந்து நின்றார்.

“ஊசி வேண்டாம்,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “அரை மணிக்கூறு மட்டும் போதும். நீங்க போயி அடுப்பப் பாருங்க.”