திப்பாவில் தப்பிய கோடு

பிரேசிலில் ஏதோ ஒரு கடற்கரை ஊர். முதுகில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு, தூக்கம் வந்த இடத்தில் படுக்கை என்று ஒருவன் அங்கே மாதக்கணக்கில் திரிந்த கதையைப் பழைய பத்திரிகை ஒன்றில் படித்தேன். துபாய் சத்வாவில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் கூரையை மூக்கால் தொட்டுக்கொண்டு படித்ததால் அவன் செய்தது மிகவும் நியாயமாகப் பட்டது. பிரேசிலுக்குப் போக எனக்கு வக்கில்லை. கிழக்குக் கடலோரத்துத் திப்பாவுக்குப் போவது என்று முடிவு செய்து, ஓர் ஆளையே மடித்து வைக்கலாம் போன்ற முதுகுப்பை ஒன்றை வாங்கினேன். உள்ளே வைக்க என்னிடம் ஒரு லுங்கியும் துண்டும்தான் இருந்தன.

கீழ்க்கட்டில்காரனும் கூட வந்தான். குளச்சல் பக்கத்து மீனவக் குடும்பம், ஏசி டெக்னீஷியன். அவன் குஷியாக இருந்ததற்குக் கடல் மட்டும் காரணமில்லை. கல்யாணமான மறுமாதமே விட்டுவிட்டு வந்த மனைவிக்குக் குடும்ப விசா கிடைத்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை வருகிறாள். ஊரில் பார்த்த நர்ஸ் வேலையையும் விட்டுவிட்டாள். பர் துபாயில் அறை பிடித்து, திரைச்சீலை வரை மாட்டியாயிற்று. அவள் விசா இவன் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. இவனுடையது ரத்தானால் அவளுடையதும் போகும்.

வெள்ளிக்கிழமை காலை திப்பாவில் இறங்கினோம். யாருக்கும் அவசரமில்லாத ஊர். பூனைகள்கூட மீனைப் பார்த்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தன. பத்திரிகையில் படித்த அந்தப் பிரேசில் ஆளைப் போலவே இலக்கில்லாமல் மணலோரமாக வடக்கே நடந்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குளச்சல்காரன் கொஞ்சம் கை கொடுத்தான். நான் இலக்கியத்தனமாகத் தொடுவானத்தைப் பார்த்தேன். அப்போது என் கைபேசி கிணுகிணுத்தது. ஓமானுக்கு நல்வரவு கூறி ஒரு செய்தி.

திப்பா மூன்று துண்டாகக் கிடக்கும் ஊர். இரண்டு துண்டு எமிரேட்ஸ், மூன்றாவது ஓமான். அந்த வருடங்களில் நடுவே வேலியும் கிடையாது, காவலும் கிடையாது. இது எனக்குத் தெரியும். நடக்கும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

“ஓய், இது என்ன?” என்று அவன் என் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தான்.

“ஒண்ணுமில்ல வே. ரோமிங்.”

“ரோமிங்கா? அங்க பாரும். நிக்க வண்டி பூரா மஞ்ச நம்பர் பிளேட்டு, ஓமான் வண்டி.” அவன் குரல் இறங்கிவிட்டது. “பாஸ்போர்ட்டு இல்லாம அடுத்த நாட்டுல கொண்டு நிறுத்திட்டீரே ஓய்.”

எங்கள் பாஸ்போர்ட்டுகள் கம்பெனி பெட்டகத்தில் இருந்தன. வந்து இறங்கிய அன்றே வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். லீவுக்குப் போகும்போதுதான் கண்ணில் காட்டுவார்கள். பழகிப் பழகி அது கம்பெனியின் மேஜை நாற்காலி போல ஒரு சாமான் என்று நாங்களும் நம்பத் தொடங்கியிருந்தோம். எங்களிடம் இருந்தது பிளாஸ்டிக் உறை ஒட்டிய நகல். அது மழைக்குத் தாங்கும்.

“வந்த வழியே போவோம். ஓடாதேயும், சாதாரணமா நடவும்,” என்றேன்.

“உம்ம முதுகுல இருக்க மூட்டையோட எப்படி ஓய் சாதாரணமா நடக்க? கள்ளக்கடத்தல்காரன் மாதிரியில்லா இருக்கீரு!”

நாலு எட்டு வைப்பதற்குள் போலீஸ் ஜீப் ஒன்று மணலில் இறங்கி எங்கள் பக்கத்தில் நின்றது. தாடிக்காரப் போலீஸ்காரர் கண்ணாடியை இறக்கினார். “கிதர் ஜாதா, பாய்?”

டாக்சி பிடிக்க என்றேன், எனக்குத் தெரிந்த அரை இந்தியில். உச்சி வெயிலில் நடப்பானேன், ஏறுங்கள், நான் விடுகிறேன் என்றார். திட்டியிருந்தால் கெஞ்சியிருக்கலாம். உபசரிப்பவரிடம் என்ன சொல்லித் தப்பிப்பது? பின்சீட்டில் ஏறினோம். என் பை நடுவில் மூன்றாவது கைதி போல உட்கார்ந்தது. வண்டி கடலை விட்டுத் திரும்பி ஊருக்குள் நுழைந்தது. எந்தத் தெரு எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் அவன் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள்ளே பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அவன் கைபேசி அடித்தது. மனைவி. ஊருக்கே கேட்கும் குரல்.

“எங்க நிக்கிய?”

“ரூம்லதான்.”

“வண்டிச் சத்தம் கேக்கு?”

“ஏசி... ஏசி சத்தம்.”

“டெக்னீஷியன் ரூம்லயே இப்பிடியா? செரி, அம்மை கருவாடு கட்டட்டான்னு கேக்கா. ஏர்போர்ட்டுல பிடிப்பாவளா?”

“பிடிக்க மாட்டாவ. யாரையும் பிடிக்க மாட்டாவ,” என்றான். வைத்துவிட்டான்.

போலீஸ்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். “மேடமா?”

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. மேடம், வியாழக்கிழமை, விசா, கம்பெனி, பாஸ்போர்ட் மாஃபி, நஹி, இல்லை என்று மூன்று மொழியில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன். கிள்ளுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஜீப் ஓரமாக நின்றது. போலீஸ்காரர் திரும்பி என்னை, என் பையை, கடைசியில் அவனை நிதானமாகப் பார்த்தார். பள்ளிவாசலில் தொழுகை அழைப்பு ஆரம்பித்தது. கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நெஞ்சில் இருந்தது இரக்கமா, இரண்டு பேரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் ஜும்மாவும் போகும் பிரியாணியும் போகும் என்ற கணக்கா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்னால் தெரிந்த ரவுண்டானாவைக் கைகாட்டினார். “உதர் எமிரேட்ஸ். யல்லா.”

போகச் சொல்கிறார் என்று புரிந்ததும் இறங்கினோம். ரவுண்டானாவைச் சுற்றவில்லை, நடுப்புல்லை மிதித்தே கடந்தோம். தரையில் கோடு எதுவும் இல்லை. எமிரேட்ஸின் வெள்ளை நம்பர் பிளேட் மாட்டிய முதல் வண்டியைப் பார்க்கும்வரை அவன் நடையைக் குறைக்கவில்லை. பார்த்ததும் அதன் பானட்டில் கைவைத்து நின்று மூச்சு வாங்கினான்.

“ஓய், இனி புஸ்தகம் கிஸ்தகம் படிச்சீருன்னா எங்கிட்ட சொல்லப்பிடாது,” என்றான்.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு என்னையும் அழைத்தான். முதுகுப்பை இல்லாமல் வர வேண்டும் என்பது நிபந்தனை. தள்ளுவண்டியோடு அவள் வெளியே வந்ததும் கையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் அவள் பாஸ்போர்ட்டை வாங்கி, விசாத் தாளைப் பிரித்துப் பார்த்து, தன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

“எதுக்கு? நான் என்ன சின்னப்பிள்ளையா, தொலைக்கதுக்கு?” என்றாள் அவள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் போய்த் தள்ளுவண்டியைத் தள்ளினேன்.