மச்சம் இல்லாத வைன்

லோகனுக்கு வைன் தெரியும் என்று சொன்னால் கிள்ளானில் யாரும் நம்புவதில்லை. நம்பாததற்கு வலுவான காரணங்கள் உண்டு. அவர் சட்டையை பேண்ட்டுக்குள் விடுவதில்லை. லண்டனைப் பார்த்ததில்லை. கிளாஸைக் கையில் கொடுத்தால் சுழற்றாமல் குடித்துவிடுகிறார். வைன் தெரிந்தவர்களுக்கு வேண்டிய லட்சணங்களில் அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: வைன் தெரியும்.

துறைமுகத்துப் பக்கம், மதுபானம் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். கப்பலில் வரும் பன்னிரண்டு போத்தல் பெட்டியில் ஒன்று உடைந்தால் மற்றப் பதினொன்றின் லேபிளும் கறையாகிவிடும். கறை பட்டதை எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான். கம்பெனி அதை இரண்டு தட்டு நாசி லெமாக் சோற்றின் விலைக்கு ஊழியர்களிடம் தள்ளிவிடும். மற்றவர்கள் வாங்கிக் குடித்தார்கள். லோகன் வாங்கிப் படித்துவிட்டுக் குடித்தார். முன் லேபிளில் கோட்டையும் குதிரையும் கறையில் மூழ்கிக் கிடந்ததால் பின் லேபிள்தான் படிக்கக் கிடைத்தது. ஊர், திராட்சை, வருஷம், யார் அடைத்தது. உலகத்து வைன் தேசங்கள் எல்லாம் அவருக்கு முதுகுப்பக்கமாகவே அறிமுகமாயின.

அந்தப் படிப்பிலிருந்து அவர் சில முடிவுகளுக்கு வந்திருந்தார். பேர் போன ஊரை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்து ஊரை வாங்கு. மண் ஒன்று, விலை பாதி. போத்தல் கனமாக இருந்தால் நீ கண்ணாடிக்குக் காசு கொடுக்கிறாய். தங்க மெடல் ஒட்டியிருந்தால் ஸ்டிக்கர் அடித்தவனுக்குக் கொடுக்கிறாய். வெயில் படும் கடை ஜன்னலில் நிற்பதைத் தொடாதே. சிவப்பை ‘அறை வெப்பத்தில்’ குடிக்கச் சொல்கிறார்களே, அது வெள்ளைக்காரன் அறை. கிள்ளானில் அறை வெப்பம் என்றால் ரசம். ஆகவே அரை மணி நேரம் ஐஸ் பெட்டியில் வை. இதையெல்லாம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி வீரம்மா ஒரு முறை ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிச்ச கஞ்சித் தண்ணிக்கு இவ்ளோ பேச்சா?" என்றார். அத்தோடு சரி.

இப்படிப்பட்டவருடைய மகள் மலரை, பிரிக்ஃபீல்ட்ஸ் கேதீஸ்வரனின் மகன் கிஷன் காதலித்தான். கேதீஸ்வரன் நில அளவைத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழர். வேலைக் காலத்தில் ஒரு வருஷம் லண்டனில் பயிற்சி. அந்த ஒரு வருஷத்தை அவர் நாற்பது வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார். சாதி, ஊர், அந்தஸ்து எதையும் தாம் பார்ப்பதில்லை என்று சம்பந்தம் பேசிய அன்றே சொன்னார். மூன்று முறை சொன்னார்.

திருமணம் கோயிலில். விருந்து அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, ஏனென்றால் மண்டபம் அன்றுதான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை என்பதால் விருந்து சைவம். கேதீஸ்வரன் வீட்டு விருந்து என்பதால் வைன். இந்த இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு ஏதும் அந்த வீட்டில் யாருக்கும் தென்பட்டதில்லை. திராட்சை மரக்கறிதானே.

இந்த ஏற்பாட்டைச் சொல்ல கேதீஸ்வரனின் மனைவி நிரஞ்சனி வீரம்மாவுக்கு ஃபோன் செய்தார். "வெள்ளிக்கிழமைதானே, அதால மச்சம் ஒண்டும் வேண்டாம் எண்டு பார்க்கிறம். உங்களுக்குப் பிரச்சினை இல்லைத்தானே?"

வீரம்மா ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மலரின் தாடையில் மிளகளவு ஒரு மச்சம் உண்டு.

"பாத்தீங்களா இந்தச் சிலோன்காரங்கள? பத்திரிகை அடிச்சப்புறம் மச்சம் வேணாமாம்! என்ன, பிள்ளைய அறுத்துக்கிட்டு வரச் சொல்றாங்களா?"

"மா!" என்று மலர் தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க மச்சம்னா கவிச்சி மா. மீனு, முட்டை, இறைச்சி. கிஷன் வீட்ல அப்படித்தான் சொல்வாங்க."

"அப்ப கவிச்சின்னு சொல்ல வேண்டியதுதானே? அதுக்கு ஏன் பிள்ள மூஞ்சிய இழுக்கணும்?"

அந்தப் புண் அப்படி ஆறியது. லோகனுடைய புண் வேறு. அதே நாளில் கேதீஸ்வரன் அவரிடம் பேசியிருந்தார். "ட்ரிங்க்ஸை நான் பார்த்துக்கொள்ளுறன், மிஸ்டர் லோகன். உங்களுக்கு உதெல்லாம் பழக்கமிருக்காது."

லோகன் சண்டைக்காரர் அல்ல. மகளுக்கு நகை கொடுத்தாயிற்று, நகைக்கடைக்காரன் தேர்ந்தெடுத்தது. சேலை கொடுத்தாயிற்று, வீரம்மா தேர்ந்தெடுத்தது. தன் கையால், தனக்குத் தெரிந்ததிலிருந்து எடுத்து மகளுக்குக் கொடுக்க உலகத்தில் அவரிடம் ஒரே ஒரு பொருள் இருந்தது, அதைத்தான் பழக்கமிருக்காது என்கிறார்கள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிபந்தனை போட்டார். "நான் ரெண்டு கொண்டு வரேன்ண்ணே. நீங்க ரெண்டு வைங்க. பேரு தெரியாம குடிச்சுப் பாப்போம். உங்களுது நல்லா இருந்தா உங்களுது."

கேதீஸ்வரன் சிரித்தார். போட்டிக்கு வர ஒப்புக்கொள்வதைக்கூட ஒரு தர்மமாகச் செய்யத் தெரிந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை லோகன் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினார். காரில் போயிருக்கலாம்; ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கிங் தேடுகிற நேரத்தில் வைன் இன்னொரு வருஷம் முதிர்ந்துவிடும். தமிழ்ப் பேப்பரில் சுற்றிய இரண்டு போத்தல்கள் பாசார் பையில் கிடந்தன, மேலே ஒரு கட்டு கறிவேப்பிலை. தண்டவாளம் வளைகிற இடத்திலெல்லாம் கறிவேப்பிலை ‘கிளிங்’ என்றது. எதிரில் இருந்த மலாய்க்கார அம்மாள் நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கேதீஸ்வரன் வீட்டில் நான்கு போத்தல்களுக்கும் பேப்பர் சுற்றிக் கிஷன் ஊற்றினான். வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு. இப்படிப்பட்ட கதைகளில் பெரிய மனிதர் மலிவான வைனைப் பிரெஞ்சு என்று சொல்லி அவமானப்படுவதுதான் முறை. கேதீஸ்வரன் அந்த உதவியைச் செய்யவில்லை. கடைசிச் சிவப்பை முகர்ந்து, வாயில் வைத்து, "இது என்ட. போர்தோ" என்றார். சரியாகவே சொன்னார். பிறகு மற்ற கிளாஸை இன்னொரு முறை குடித்தார். முகம் கொஞ்சம் நீண்டது. "ஆனா உது நல்லா இருக்கு."

அது போர்த்துக்கல். விலையைக் கேட்டபோது கேதீஸ்வரனுக்கு வலித்தது; தாம் கொடுத்ததில் கால்வாசி. வெள்ளையிலும் லோகன் கொண்டுவந்த ஆஸ்திரேலியாதான் வென்றது. மனிதர் லண்டனைப் பற்றி எவ்வளவு புளுகினாலும் நாக்கு மட்டும் அவரிடம் நேர்மையாக வேலை பார்த்தது. "சரி, உங்கட இரண்டையும் வைப்பம்" என்று கை நீட்டினார். லோகன் கையைப் பிடித்தார்.

அப்போது நிரஞ்சனி, தட்டில் முறுக்கை வைத்தபடி, பேச்சுக்குப் பேச்சாக ஒரு கேள்வி கேட்டார். "உதில மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள், லோகனைத் தவிர. இதுவரை அவர் விருந்தை நினைத்தார், வைனை நினைத்தார், வெள்ளிக்கிழமையை நினைக்கவில்லை. அந்த இரண்டு போத்தல்களின் முதுகும் அவருக்கு மனப்பாடம். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அந்த வீட்டில் பின் லேபிள் படிக்கிறவர்கள் இல்லை. பிடித்த கை இன்னும் பிடியில்தான் இருந்தது.

"இருக்குக்கா" என்றார். "வெள்ளையில மீனு. சிவப்புல முட்டை."

"என்ன?"

பேப்பரைக் கிழித்து வெள்ளைப் போத்தலைத் திருப்பிக் காட்டினார். மீன், முட்டை, பால் பொருள்களின் துணையோடு தயாரிக்கப்பட்டது என்று எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி. "வைன் கலங்கலா இருக்குமில்லக்கா? மீனோட காத்துப் பை, இல்லாட்டி முட்டை வெள்ளைக்கரு போட்டா அழுக்கெல்லாம் அடியில போயிரும். அப்புறம் எடுத்துருவாங்க."

"எடுத்திடுவினம்தானே!" என்று கேதீஸ்வரன் உடனே எழுந்தார். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு இருந்தவருக்கு வாசகம் முக்கியம். "‘துணையோடு’ எண்டுதான் எழுதியிருக்கு, நிரஞ்சனி. துணைக்கு வந்தது, திரும்பிப் போயிட்டுது. உள்ளுக்க இல்லை."

"அப்ப மீன் குழம்பில மீனை எடுத்துப்போட்டு மரக்கறிச் சொதி எண்டு குடிப்பியளோ?" நிரஞ்சனி வைன் அலமாரியைத் திறந்தார். "தம்பி லோகன், உதுகளையும் ஒருக்காப் படியுங்கோ."

லோகன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விருப்பமே இல்லாமல், நல்ல உச்சரிப்போடு படித்தார். முட்டை. பால். முட்டை. மீன். இதில் ஒன்றும் எழுதவில்லை. முட்டை. போர்தோவைத் திருப்பினார்: முட்டை. பால் வந்தபோது மட்டும் நிரஞ்சனி கை காட்டி மன்னித்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போய்வந்து, மரக்கறி சாப்பிட்டு, திருநீறு கலையாமல் ஒரு கிளாஸ் வைன் குடித்த முப்பது வருஷம் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக நின்றது.

"போர்தோவிலயுமோ?" என்றார் கேதீஸ்வரன். குரலில் சமய வருத்தத்தைவிட பிரான்ஸ் கைவிட்டுவிட்ட வருத்தம் கூடுதலாக இருந்தது. "அப்ப வைனே வேண்டாம். ரோஸ் சிரப் குடுப்பம்."

போட்டியில் வென்ற லோகனின் வைன் அரை மணி நேரத்தில் ரோஸ் சிரப்பிடம் தோற்றது. தோற்கடித்தவர் லோகனே. வாசலில் செருப்பைப் போடும்போது நிரஞ்சனி மட்டும் சொன்னார்: "மச்சம் இல்லாததாக் கிடைச்சா கொண்டாங்கோ. இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்குதுதானே."

மறுநாளிலிருந்து லோகன் கடை கடையாகப் போனார். கிள்ளான், சுங்கை பூலோ, காஜாங் வரைக்கும். எங்கே போனாலும் ஒரே தடை. இறக்குமதி செய்தவரின் பெயர் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர், எந்த வரி வேண்டுமோ சரியாக அந்த வரியின் மேலேயே ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரை அப்படி ஒட்டும் முட்டாள் யார் என்று அவருக்குக் கோபப்பட வழியில்லை. முப்பத்தோரு வருஷம், பெட்டி பெட்டியாக, அவரும் அந்த இடத்தில்தான் ஒட்டினார். வெறுமையாக இருந்த இடம் அதுதான். நகத்தால் சுரண்டினார்.

"அங்கிள், வாங்கலைன்னா சுரண்டாதீங்க லா! அப்புறம் யாரு வாங்குவா?" என்று ஒரு கடைப்பெண் சத்தம் போட்டாள்.

"மீனு இருக்கான்னு பாக்கறேன்மா."

"மீனு அந்தப் பக்கம், ஃப்ரீஸர்ல."

எட்டாவது நாள் கிடைத்தது. வெள்ளை, சிலி நாட்டுக்காரன். கடலோரப் பள்ளத்தாக்கு, திருகு மூடி, முதுகில் சின்ன இலைக் குறி, விலங்குப் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்று ஒரு வரி. சிவப்பு மறுபடி போர்த்துக்கல்தான், வேறு ஊர்: தெளியவைக்கவுமில்லை, வடிகட்டவுமில்லை, அடியில் கலங்கல் தங்கலாம் என்று வெட்கமில்லாமல் எழுதியிருந்தான். வேலை குறைந்ததால் விலையும் குறைவு. இரண்டும் முன்பு வென்றவற்றைவிட நல்லவை என்று சொல்ல ஆசைதான். வெள்ளை கொஞ்சம் கீழேதான். ஆனால் குளிரவைத்தால் எலுமிச்சையும் பச்சை மிளகாயும்போல ஒரு வாசம், மசாலாவுக்கு ஒத்துப்போகும். நிரஞ்சனி லேபிளைத் தாமே இரண்டு தடவை படித்தார். கேதீஸ்வரன் குடித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். ரோஸ் சிரப் பிள்ளைகளுக்கு என்று முடிவாயிற்று.

விருந்து சிறப்பாக நடந்தது. மேசைக்கு மேசை சைவ மட்டன் வறுவல், சைவ கோழி, நடுவில் முழுசாக ஒரு சைவ மீன். சோயாவில் செய்து, கடற்பாசியில் தோல் போர்த்தி, வால், செவுள் எல்லாம் வைத்திருந்தார்கள். மச்சம் தொடாத நானூறு பேர் அதை முள் இருக்குமோ என்ற பயத்தோடு பிய்த்துச் சாப்பிட்டார்கள். கண்ணுக்கு மீன், உள்ளே மீனில்லை. கண்ணுக்கு மீனில்லாமல் உள்ளே மீன் இருந்ததைத்தான் ஒரு மனிதர் எட்டு நாள் அலைந்து விரட்டியிருந்தார். இது சாப்பிட்டவர்கள் யாருக்கும் தெரியாது.

வீரம்மாவின் அக்கா மட்டும் வெள்ளையை மறுத்துவிட்டார். "என்ன வைன்டா அது?" என்று கேட்க, பரிமாறிய பையன், "சிலி வைன், ஆன்டி" என்றானாம். "ஐயோ, எனக்கு கேஸ்ட்ரிக். சிலி போட்டதெல்லாம் ஆகாது."

பிறகு கேதீஸ்வரன் மைக்கைப் பிடித்தார். லண்டனில் தொடங்கினார். வைன் என்பது விலையில் இல்லை, பின் லேபிளில் இருக்கிறது என்றார். "இண்டைக்கு நீங்கள் குடிக்கிறது மச்சம் கலக்காத வைன். நாங்கள் தேடித் தேடித் தெரிஞ்செடுத்தது." கைதட்டினார்கள். ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி, ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே என்று இலக்கணம் சொல்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இரண்டுக்கும் ‘நாங்கள்’தான். ஆகவே அந்தச் சொல்லுக்குள் லோகன் இருந்தாரா இல்லையா என்பதைக் கேதீஸ்வரனைத் தவிர வேறு யாராலும் நிரூபிக்க முடியாது.

லோகன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் சிவப்பு இருந்த ஐஸ் தொட்டியருகே நின்று, "இன்னும் அஞ்சு நிமிஷம் கிடக்கட்டும் தம்பி, சூடா குடுக்காத" என்று பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மணமக்கள் மேசையில் மலர் கிளாஸைத் தூக்கி அப்பாவின் பக்கம் காட்டிவிட்டு ஒரு வாய் குடித்தாள். சுழற்றவில்லை.

மைக்கை விட்டு இறங்கிய கேதீஸ்வரன் நேராகத் தொட்டியருகே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். நிரஞ்சனி தூரத்தில் இருந்தார்.

"லோகன், ஒரு விசயம்." குரல் தாழ்ந்தது. "வைனை விடுங்கோ. எனக்கு வெள்ளிக்கிழமையில ஒரு ஸ்டௌட்டும் பழக்கம். அந்தக் கறுப்பு டின். அதில...?"

லோகனுக்குத் தெரியும். ஸ்டௌட் என்கிற கறுப்பு பியரைத் தெளியவைக்கவும் காலங்காலமாக மீன் பை போட்டவர்கள் உண்டு. அந்த டின்னைக் காய்ச்சியவன் போட்டானா இல்லையா என்பது காய்ச்சியவனுக்கு வெளிச்சம். இதைச் சொன்னால் இந்த மனிதருக்கு வெள்ளிக்கிழமையில் தண்ணீர்தான் மிச்சம். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எட்டு நாள் நடந்து தெரிந்துகொண்டவர் அவர்.

"டின்னுல ஒண்ணும் எழுதலைண்ணே."

"எழுதேல்லை எண்டா இல்லை எண்டுதானே அர்த்தம்?"

லோகன் தொட்டியிலிருந்து போத்தலை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, அவருடைய கிளாஸில் ஊற்றினார்.

"கவர்மென்ட்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாததாண்ணே?"